பழகிக்கொள்ளும் என்று சொல்லாதீர்கள்

"அதெல்லாம் பழகிக்கும்." இந்த வாக்கியத்தை மூன்று விதமான ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில், சென்னையில் ஒரு இலக்கியக் கூட்டத்தின் டீ இடைவேளையில், உயிரியல் படித்த நண்பர்களின் அறையில். கடைக்காரர் அனுபவமாகச் சொன்னார். இலக்கியவாதி தத்துவமாகச் சொன்னார். நண்பர்கள் அறிவியலாகச் சொன்னார்கள். உலகம் சூடாகிறது, சரி. பறவை என்ன மனுசனா, ஏசி கேட்க? பனியுகத்தையே பார்த்த உயிர். டைனோசரோட வாரிசு. அதுக்குத் தெரியாதா? பழகிக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்துக்கு எதிரானது. கேட்பதற்கு ஆறுதல் மாதிரி இருக்கிறது, ஆனால் மலையில் அது ஒரு அனுமதிச் சீட்டாகத்தான் வேலை செய்கிறது. பறவை பழகிக்கொள்ளும் என்றால் நான் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கொப்பை வெட்டலாம், புல்வெளியில் குழி தோண்டி மரம் நடலாம், ரிசார்ட் கட்டலாம். மிச்சத்தைப் பரிணாமம் பார்த்துக்கொள்ளும். டார்வினை இவ்வளவு வசதியான வேலைக்காரராக நாம் ஆக்கி வைத்திருப்பது அவருக்குத் தெரியாமல் போனது நல்லதுதான்.

முதலில் பரிணாமத்தையே பார்த்துவிடுவோம்.

கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973 முதல் அங்கே குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1977ல் அங்கே மழை பொய்த்தது. மென்மையான சின்ன விதைகள் சீக்கிரம் தீர்ந்தன. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். தடித்த அலகுள்ள குருவிகளால்தான் அவற்றை உடைக்க முடிந்தது. அடுத்த தலைமுறையில் சராசரி அலகே தடித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் லட்சம் வருஷக் கதையாகப் படித்ததை அவர்கள் கண் முன்னால், ஸ்கேலை வைத்து அளந்தார்கள். "பழகிக்கும்" கட்சியினருக்கு மிகவும் பிடித்த கதை இது.

அவர்கள் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. அந்த வறட்சியில், அந்தத் தீவின் நடுத்தரத் தரைக்குருவிகளில் சுமார் 85 சதவீதம் செத்துப்போயின. எந்தக் குருவியும் பழகிக்கொள்ளவில்லை. சின்ன அலகுள்ள குருவி முயற்சி பண்ணி அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. பட்டினி கிடந்து செத்தது. ஏற்கெனவே தடித்த அலகோடு பிறந்திருந்தவை மிஞ்சின, அவற்றின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகு வாய்த்தது. பரிணாமம் என்று நாம் மரியாதையாகச் சொல்வது இந்தச் சாவுக் கணக்கில் மிஞ்சிய மீதியைத்தான். "அது பரிணமிச்சுக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வதன் பொருள் "பெரும்பாலானவை சாகும், மிச்சம் இருந்தால் பார்க்கலாம்" என்பதே. அதைச் சொல்ல விரும்பினால் நேராகச் சொல்லட்டும்.

அந்த மிச்சம் இருப்பதற்கே சில நிபந்தனைகள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய குணம் கூட்டத்தில் யாரிடமாவது முன்பே இருந்திருக்க வேண்டும். 85 போனாலும் 15 மிஞ்சும் அளவுக்குத் தொகை வேண்டும். அடுத்த அடி விழுவதற்குள் மூச்சு வாங்க நேரம் வேண்டும். டாப்னேயில் மழை திரும்ப வந்தது. 1982-83ல் எல் நினோ மழை கொட்டி, சின்ன விதைகள் பெருகி, சின்ன அலகுக்கு மறுபடி காலம் வந்தது. இப்போது ஏறுகிற வெப்பம் அப்படித் திரும்புகிற வகையைச் சேர்ந்தது இல்லை. முதுகெலும்புள்ள 540 உயிரினங்களின் வம்சவரலாற்றை வைத்துக் குயின்டெரோ, வீன்ஸ் என்ற இருவர் 2013ல் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த நூற்றாண்டில் எதிர்பார்க்கப்படும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க, இந்த இனங்கள் தங்கள் கடந்தகால வேகத்தைவிட 10,000 மடங்குக்கும் மேலான வேகத்தில் பரிணமிக்க வேண்டியிருக்கும். நடந்து பழகியவனிடம் ராக்கெட் வேகம் கேட்கிற கதை.

பழகுவது வேறு, பரிணமிப்பது வேறு என்றும் சொல்லிவிட வேண்டும். ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் செய்துகொள்கிற சரிக்கட்டல்தான் பழகுவது. உச்சிவெயிலில் இரை தேடாமல் நிழலில் ஒதுங்குவது, விடியலிலேயே பாடி முடிப்பது, ஈரமான பள்ளத்துக்கு நகர்வது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டை இறக்கும். இரைக்க இரைக்க உடம்பின் நீர் போகும். ஒதுங்கி நிற்கும் நேரமெல்லாம் இரை தேடாத நேரம். பத்து, இருபது கிராம் எடையுள்ள உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. பழகிக்கொள்வதற்கும் ஒதுங்க ஒரு நிழல் வேண்டும். அந்த நிழலைப் பற்றித்தான் நான் பேச வருகிறேன்.

*

போடியிலிருந்து மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி மலை நிற்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, சுமார் 1,400 மீட்டர். வடக்கே குரங்கணிக்கு மேல் கொழுக்குமலை 2,000 மீட்டரைத் தாண்டிவிடும். கீழே முள்ளும் பாறையும் வெக்கையும். மேலே சோலையும் புல்வெளியும் மேகமும். நேர்கோட்டில் ஒருவன் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இத்தனை காலநிலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த உச்சிகளைச் சூழலியலாளர்கள் வானத்தீவுகள் என்கிறார்கள். கடலுக்குப் பதிலாகச் சுற்றிலும் வெப்பம். அந்தத் தீவுகளில் சோலைக்கிளி என்றொரு பறவை இருக்கிறது. கிளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கருநீல உடம்பும் வெள்ளை வயிறுமாக, இருண்ட சோலையின் தரையில், ஓடையோரத்தில் பூச்சி தேடித் திரியும் ஒரு சின்னப் பறவை. பழனி மலைப் பறவையை 1868ல் பிளான்ஃபோர்டு விவரித்தார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று அறிஞர்கள் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். 2017ல் வி.வி. ராபினும் அவருடைய சகாக்களும் மரபணு, உடலமைப்பு, பாட்டு மூன்றையும் வைத்துப் பார்த்து, இது உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று நிறுவி, ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். 'சோலை'யில் வசிப்பது என்று பொருள். லத்தீன் வால் ஒட்டினாலும் அது நம்ம சோலைதான்.

நீலகிரியில் ஓர் இனம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி, மூணாறு மலைகளில் இன்னோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலையில் மூன்றாவது. அது புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டதே அந்த 2017 ஆய்வில்தான். சிரிப்பான்களும் அப்படித்தான். பழனிச் சிரிப்பானுக்கு அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயர் ஒட்டியிருக்கிறது. வெள்ளைக்கார மிஷனரிக்குத் தெரிந்த பறவை, போடியில் பள்ளிக்கூடம் படித்த என் தலைமுறைக்குத் தெரியாது.

"பறவைதானே, சூடு கூடினா வேற மலைக்குப் பறந்து போகாதா?" என்று கேட்பவர்களுக்கு அந்த மரபணுவே பதில். பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலம் இருக்கும். சிறகுள்ள உயிருக்கு அது ஒரு காலை நேரத் தூரம். ஆனால் சோலைக்கிளி பல லட்சம் ஆண்டுகளாக அதைக் கடக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பறவைகளும் தனித்தனி இனங்களாகவே பிரிந்துவிட்டன, பாட்டும் வேறாகிவிட்டது. கீழே இருக்கும் வெக்கைதான் அவற்றுக்குக் கடல். அது மட்டுமில்லை. கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர்கள் அழித்த காட்டின் தடமும் ஒரே மலைத்தொடருக்குள் இருக்கும் கூட்டங்களின் மரபணுவில் பிரிவாகத் தெரிகிறது என்று ராபின் குழுவின் 2015 ஆய்வு சொல்கிறது. கணவாய் லட்சம் ஆண்டுகளில் செய்ததை எஸ்டேட்டுகள் சில தலைமுறைகளில் தொடங்கி வைத்திருக்கின்றன.

சரி, வேற மலைக்குப் போகாது, மேலே ஏறாதா? ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போடலாம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அப்படியென்றால் ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பழைய குளிர்ச்சி வேண்டுமென்று நினைக்கும் பறவை 150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மலையோ கூம்பு, ஏற ஏற இடம் சுருங்கும். ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதற்கு மேல் தென்னிந்தியாவில் ஏறுவதற்கு எதுவும் கிடையாது.

பெரு நாட்டில் பான்டியகொல்லா என்ற மலையில் ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக் 1985ல் பறவைக் கணக்கு எடுத்திருந்தார். 2017ல் பெஞ்சமின் ஃப்ரீமன் குழு அதே பாதையில், அதே முறையில் மறுபடி எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே கூடிய வெப்பம் அரை டிகிரிகூட இல்லை. கீழே இருந்த பறவைகள் மேலே ஏறியிருந்தன. உச்சியில் முன்பு இருந்த 16 இனங்களில் 8 இனங்கள் கண்ணில் படவே இல்லை. யாரும் சுடவில்லை, யாரும் அந்தக் காட்டை வெட்டவில்லை. ஏறுவதற்கு மலை தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

உடம்பே மாறுவதையும் அளந்திருக்கிறார்கள். சிகாகோவில் கட்டடங்களில் மோதிச் செத்த பறவைகளை டேவிட் வில்லார்ட் என்பவர் 1978லிருந்து பொறுக்கிப் பொறுக்கி அளந்து வைத்தார். 2016 வரை சேர்ந்த 70,716 பறவைகளின் கணக்கில் கால் எலும்பு 2.4 சதவீதம் குறைந்திருந்தது, சிறகு 1.3 சதவீதம் நீண்டிருந்தது. அமேசான் காட்டில், கோடரி படாத இடத்தில், 77 இனங்களை நாற்பது ஆண்டுகள் எடைபோட்டுப் பார்த்தார்கள். எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். "பாத்தீங்களா, பழகுது!" என்று துள்ளாதீர்கள். மெலிந்துகொண்டே போகிற ஒரு பிள்ளையைக் காட்டி உடம்பு வாகுக்கு வந்துவிட்டது என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். இதில் எவ்வளவு பரிணாமம், எவ்வளவு வெறும் பட்டினி என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

*

நம் மலையில் இதற்கெல்லாம் சாட்சி உண்டா என்றால், உண்டு. அதை நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோம்.

1933ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறையைக் கடந்தால் வருகிற சாந்தன்பாறையும் அவருடைய முகாம்களில் ஒன்று. அந்தக் கணக்கெடுப்பில் அவர் கண்ணில் ஒரு மயில்கூடப் படவில்லை. ஈரமான நாடு அது. மயிலுக்குக் காய்ந்த நிலம் வேண்டும். இன்று கேரளம் நெடுக மயில். அந்த மாநிலம் காய்ந்துவருவதன் அடையாளமாக மயிலின் பரவலைப் பார்க்கலாம் என்று கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? மலைப்பாதையில் மயிலைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தி "முருகா" என்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். குறிஞ்சிக்கு மயில்தான் கருப்பொருள் என்று யாராவது கீழே ஒரு வரி போடுவார்கள். வெக்கை மலையேறுவதைத்தான் அது சொல்ல வந்தது என்று தோன்றுவதில்லை.

இலக்கியம் படிக்கிற நண்பர்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான். நம் இணையக் கவிதைகளில் பறவைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலும் அதற்குப் பெயர் இருக்காது. ஒரு பறவை வரும், ஒரு சிறகு உதிரும், ஒரு கூடு காலியாக இருக்கும். எந்தப் பறவை, எந்தக் காடு, எந்த மாசம் என்று கேட்டால் கவிதையைக் கொலை செய்கிறோம் என்பார்கள். மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் தமிழில் எழுதிக் காட்டிய பிறகும் இந்த நிலைமை. பெயர் இல்லாத ஒன்று காணாமல் போனால் யாரும் தேடி வரமாட்டார்கள்.

பறவைக்காக நாம் கோபப்பட்ட ஒரே சமயம் செல்போன் கோபுரத்துக்கு எதிராக. 2018 நவம்பரில் 2.0 படம் வந்தது. பட்சிராஜனுக்காகத் தியேட்டரில் கண் கலங்கினோம். சிட்டுக்குருவியைக் கோபுரம் கொன்றது என்பது அதன் பிறகு கேள்வியே கேட்கக்கூடாத உண்மையாகிவிட்டது. 2020ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் நிலையாகவே இருக்கிறது என்றும், செல்போன் கோபுரம் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் சொன்னது. அதே அறிக்கை, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகளில் தரவு கிடைத்தவற்றின் குறியீடு 2000க்குப் பிறகு ஏறக்குறைய 75 சதவீதம் விழுந்திருப்பதையும் சொன்னது. முதல் செய்தியை நம்ப மறுத்தோம். இரண்டாவது செய்தியைப் படிக்கவே இல்லை. வில்லன் கண்ணுக்குத் தெரிகிற இரும்புக் கோபுரமாக, வேறு யாருடைய கம்பெனியாகவோ இருந்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது. நம் வீட்டு டீயில் மிதக்கிற ஏலக்காயாக இருந்தால் வருவதில்லை.

*

ஏலக்காய்க்கு வருகிறேன். இது என் சோறு. என் அம்மா இருபது வருஷம் ஜீப்பில் மெட்டு ஏறிக் காய் எடுக்கப் போனவர். அந்தக் கூலியில் படித்தவன் நான். ஆகவே ஏலத்தோட்டத்தை மூடு என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. அது அறிவியல்படியும் தப்பு.

ஏலம் நிழல் பயிர். காட்டை முழுசாக வெட்டாமல் பெரிய மரங்களின் அடியில் வளர்க்கிற பயிர் என்பதால்தான் ஏலமலைக்கு இன்னும் காடு மாதிரி ஒரு தோற்றம் இருக்கிறது. டி.ஆர். சங்கர் ராமன் வால்பாறைப் பக்கம் செய்த ஆய்வுகள், நாட்டு மரங்களின் நிழலை வைத்திருக்கிற ஏல, காப்பித் தோட்டங்களில், பக்கத்தில் மழைக்காடும் இருந்தால், காட்டுப் பறவைகள் கணிசமாக வாழ்வதைக் காட்டியிருக்கின்றன. டீத் தோட்டத்தின் பச்சைக் கம்பளத்தில் அது நடக்காது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. உதிர்ந்த பழத்தையும் விதையையும் பொறுக்கிக்கொண்டு நிழலான காட்டுத் தரையில் நடக்கிற பறவை. தீக்காக்கை, சீகாரப் பூங்குயில், பெரிய மரப்பொந்தில் கூடு வைக்கிற இருவாச்சி எல்லாமே நிழலின் பிள்ளைகள்.

இந்த நிழலின் மதிப்பை டிகிரியில் சொல்ல முடியும். உலகம் முழுக்க 98 இடங்களின் தரவை வைத்து 2019ல் வந்த ஓர் ஆய்வு, காட்டுக்குள் உச்ச வெப்பநிலை வெளியைவிடச் சராசரியாக 4 டிகிரி குறைவு என்று கண்டது. முன்னால் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 4 டிகிரி என்றால் 600 மீட்டர் மலை. தோட்டத்தில் நிற்கும் பெரிய மரங்கள், உச்சிவெயில் நேரத்தில், அடியில் இருக்கிற பறவைக்கு அறுநூறு மீட்டர் ஏறின புண்ணியத்தைக் கொடுக்கின்றன. அதை வெட்டினால் அந்த மலையைக் குறைக்கிறோம். பூமியின் வெப்பத்தைப் போடியில் உட்கார்ந்து யாரும் குறைக்க முடியாது. இந்த நாலு டிகிரி மட்டும் நம் கையில் இருக்கிறது.

அதைத்தான் கொப்பு கொப்பாக வெட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் கண்டெடுத்த ஞள்ளானி ரகம் வந்த பிறகு ஏலமலையின் கணக்கே மாறியது. விளைச்சல் பல மடங்கு கூடியது. கூடவே வெளிச்சமும் உரமும் தண்ணீரும் மருந்தும் கூடின. வெளிச்சம் வேண்டுமென்றால் கொப்பு வெட்ட வேண்டும். கொப்பு போனால் பூ போகும், பழம் போகும், பொந்து போகும். மருந்து அடித்தால் பூச்சி போகும். பூச்சி தின்கிற பறவை எதைத் தின்னும்? நாட்டு மரம் பட்டுப்போன இடத்தில் சில்வர் ஓக் நிற்கிறது. அதில் மிளகுக் கொடி ஏறும், இருவாச்சிக்கு ஒரு பழம்கூடக் கிடைக்காது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்தவன் கையில் அரிவாள் சும்மா இருக்குமா?

அம்மா சொல்வார்: "முன்னெல்லாம் மத்தியானம்கூட தோட்டத்துக்குள்ள குளிரும்டா, முக்காடு போட்டுக்கிட்டுத்தான் காய் எடுப்போம். இப்ப பதினோரு மணிக்கே தலைய சுத்துது." சோலைக்கிளிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். மரத்தடி சூடானால் குனிந்து காய் எடுக்கிற பெண்ணுக்கும் அதே சூடுதான். செடிக்கும் அதே சூடுதான். 2024 கோடையில் மழையில்லாமல் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் கருகினதை இந்த ஊரில் மறந்தவர் கிடையாது. பச்சை வலை கட்டிச் செடியைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மரத்தை வெட்டிவிட்டு, மரம் கொடுத்துக்கொண்டிருந்ததைக் காசு கொடுத்து நைலானில் வாங்குகிற நிலைமை.

விவசாயியை மட்டும் திட்டிவிட்டு நகர்வது எனக்குச் சம்மதமில்லை. ஏலமலைக் காப்புக்காட்டில் நிலம் வருவாய்த் துறை, மரம் வனத்துறை என்ற இரட்டை ஆட்சி நெடுங்காலமாக நடக்கிறது. நட்டு வளர்த்த மரத்தின்மேல் தனக்கு உரிமையில்லை என்ற குறை அங்கே எல்லோர் வாயிலும் உண்டு. நாளைக்குத் தொல்லை தரப்போகிற நாட்டு மரத்தை எவன் ஆசையாக வளர்ப்பான்? விலையும் அவனுக்கு எதிராகத்தான் இருக்கிறது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் காயின் நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்குத் தனி மரியாதை. அந்தக் காய் எத்தனை மரத்தின் அடியில் விளைந்தது என்பதற்கு அங்கே தரமும் இல்லை, விலையும் இல்லை. வளைகுடாவிலிருந்து மருந்து எச்சத்துக்காகச் சரக்கு திரும்பியபோது மட்டும் ஊருக்குள் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்றதும் இந்த ஊரும் சுற்று வட்டாரமும் திரண்டன. சந்தோஷம். மலையின் மேல் அவ்வளவு அக்கறை இருக்கிற ஊருக்கு, அதே மலையின் மேல்தோல் உரிவதும் கண்ணில் பட வேண்டும்.

*

இன்னொரு தரப்பும் இருக்கிறது. "சரி, அப்போ மரம் நடுவோம்" என்று உடனே மண்வெட்டியைத் தூக்குகிறவர்கள். நல்ல மனசுக்காரர்கள். இவர்களைப் பார்த்தால் எனக்குக் கூடுதல் பயம்.

சோலை மலையின் பாதி, புல்வெளி. அது வெட்டிப்போன காடு இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்வெளியாகவே இருக்கிற இடம். நீலகிரி நெட்டைக்காலி அந்தப் புல்லில்தான் கூடு வைக்கிறது, மரத்தில் வைக்காது. வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசு என்று எழுதி வைத்துச் சீகை மரமும் யூக்கலிப்டஸும் நட்டார்கள். சுதந்திர இந்தியாவும் தொடர்ந்தது. விளைவைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து 2018ல் வெளியிட்டார்கள்: பழனி மலையில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. விழுங்கியதில் பெரும்பங்கு நட்ட மரங்கள். அதே ஆண்டு மார்ச் 11ஆம் தேதி குரங்கணிச் சரிவில் தீ பிடித்து 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் எவ்வளவு வேகமாக மனிதரைச் சூழும் என்று அன்றைக்குப் பார்த்தோம். அதற்கு விடையாகப் புல்வெளியையே இல்லாமல் ஆக்கலாம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தைலமரம் எப்படி எரியும் என்று அவர்கள் பார்த்ததில்லை போல.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது என்று 2022ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். சமவெளியில், சாலையோரத்தில், வயல் வரப்பில் நடுங்கள், கும்பிடுகிறேன். போடிச் சரிவின் கீழே முள்ளும் பாறையுமான புதர்க்காட்டை வெற்றிடமாக நினைத்து நடாதீர்கள். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னான் வாழ்வது அந்த மாதிரிப் புதரில்தான். மலை உச்சியில் புல்லைக் கிளறாதீர்கள். எங்கே மரம் வேண்டும், எங்கே புல் வேண்டும், எங்கே முள் வேண்டும் என்று கேட்காமல் நட்டால், கோடரியால் செய்ததை மண்வெட்டியால் செய்கிறோம் என்று அர்த்தம்.

நான் கேட்பது நான்கு விஷயங்கள். ஏலத்தில் நிழலுக்கு ஒரு தரம் வேண்டும். நாட்டு மர நிழலில், குறைந்த மருந்தில் விளைந்த காய்க்குக் கூடுதல் விலை கிடைத்தால் அரிவாள் தானாக உறைக்குள் போகும். நாட்டு மரத்தை வளர்க்கிற விவசாயிக்கு அது சொத்தாக வேண்டும், வழக்காக ஆகக்கூடாது. மூணாறு உயர்மலைக்கும் மேகமலைக்கும் நடுவே போடிமெட்டு, மதிகெட்டான் வழியாக இன்னும் அறுபடாமல் இருக்கிற சோலைத் துண்டுகளையும் தோட்ட நிழலையும் இரண்டு மாநிலங்களும் ஒரே மலையாக நினைத்துக் காக்க வேண்டும். மேகமலை 2021லிருந்து புலிகள் காப்பகத்தின் பகுதி, மதிகெட்டான் 2003லிருந்து தேசியப் பூங்கா. நடுவில் இருக்கும் ஏலமலை துண்டித்துவிட்டால் இரண்டும் தனித்தனித் தீவு. நான்காவது, கணக்கு. கேரளத்தில் 2015லிருந்து 2020 வரை தன்னார்வலர்கள் கட்டம் கட்டமாக நடந்து 361 இனங்களுக்குப் பறவை வரைபடம் போட்டார்கள். அந்தக் கட்டங்கள் போடிமெட்டுச் சோதனைச்சாவடியோடு நின்றுவிட்டன, பறவை நிற்கவில்லை.

இந்த நான்காவது விஷயத்துக்கு அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு வயது இருபதுகளில் இருக்கும். போனில் ஈபேர்டு செயலி இருந்தால் போதும். குரங்கணியிலிருந்து மேலே ஏறும்போது நூறு நூறு மீட்டருக்கு நின்று, பதினைந்து நிமிஷம் கேட்டு, என்னென்ன பறவை என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே மாசம், அதே இடத்தில், மறுபடி எழுதுங்கள். பெருவில் 1985ல் ஒருவர் எழுதி வைத்ததால்தான் 2017ல் எட்டு இனங்கள் இல்லை என்பது தெரிந்தது. சாந்தன்பாறையில் 1933ல் ஒருவர் எழுதி வைத்ததால்தான் மயில் புதுசு என்பது தெரிகிறது. நம் பக்கத்துச் சரிவில் எந்தப் பறவை எந்த உயரத்தில் இன்றைக்குப் பாடுகிறது என்று எழுதி வைக்காவிட்டால், 2050ல் "இங்கே அப்படியொரு பறவை இருந்ததா?" என்று கேட்பார்கள். அதற்கும் ஒருவர், டீயை உறிஞ்சிக்கொண்டே, "இருந்திருக்கும், வேற எங்கயாவது போய்ப் பழகியிருக்கும்" என்பார்.

அவரை மறுப்பதற்கு அன்றைக்கு நம் கையில் ஒரு நோட்டாவது இருக்கட்டும்.